அண்ணி பெயரில் வாங்கிய பங்குகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி மாடியிலிருந்து கேக் பெட்டியோடு இறங்கி வந்தாள். நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தன் தம்பி மனைவியின் வாயில் ஒரு துண்டைத் திணித்தாள்.

"மெல்லு, மெல்லு. உன் கம்பெனி புண்ணியத்துல வாங்கினது."

"என் கம்பெனியா? அது எனக்கே சம்பளத்தை இழுத்து இழுத்துத்தான் அண்ணி தருது."

"போதும் நடிப்பு. என் பேர்ல வாங்கின ஷேர் ஒண்ணுக்கு ரெண்டா ஆயிடுச்சாமே! தம்பி உங்கிட்ட சொல்லலையா?"

குழாயை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அவள் அப்படியே நின்றாள். அண்ணிதான் எட்டிக் குழாயை மூடி, "தண்ணி என்ன இலவசமாவா வருது?" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

தம்பி மனைவி ஒரு வீடியோ கேம் கம்பெனியில் செக்ரட்டரி. கூட்டங்களைக் கூட்டுவது, சட்டப்படி யாருக்கு எதை எப்போது தெரிவிக்க வேண்டுமோ தெரிவிப்பது, அதுவரை அதைக் கட்டிக் காப்பது, இதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். சம்பள உயர்வு யாருக்கு, வேலை நீக்கம் யாருக்கு என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் அவள் வாயிலிருந்து ஒன்றும் விழாது. கல்யாணமான புதிதில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்ட அவள் கணவனும் செல்லமாக அப்படியே கூப்பிட ஆரம்பித்தான்.

கம்பெனிக்கு ஒரு காலத்தில் நல்ல பெயர் இருந்தது. கீரிப்பிள்ளை ஒன்று கூரைக்குக் கூரை தாவி ஓடும் விளையாட்டு அவர்களுடையது. பேருந்தில் பத்துப் பேர் இருந்தால் எட்டுப் பேர் கையில் அந்தக் கீரி ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பணத்தையெல்லாம் கொட்டி அடுத்த விளையாட்டைச் செய்தார்கள். அது ராஜா காலத்துப் போர். தேதியைத் தள்ளித் தள்ளி, கடைசியில் வெளியிட்ட அன்று, அதில் குதிரைகள் எல்லாம் பின்பக்கமாக ஓடின. உலகமே சிரித்தது. பங்கு விலை ஒரு கப் டீ விலைக்கும் கீழே போனது. "டீ வாங்கினா சூடாவது இருக்கும்" என்று ஊழியர்களே சொல்லிக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் பெரிய கம்பெனி ஒன்று இவர்களை மொத்தமாக வாங்கிக்கொள்ள வந்தது. முதலாளி, கணக்குப் பார்க்கும் மேலாளர், வெளியிலிருந்து வந்த வக்கீலம்மா, இவள் என்று விஷயம் தெரிந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. அன்றைக்கே பங்கு விலை எகிறியது. அன்று மாலையே பங்குச் சந்தையிலிருந்து கேள்வியும் வந்தது. யாரும் சீண்டாமல் கிடந்த பங்கை, அறிவிப்புக்கு முன்னால் சில பேர் மட்டும் விழுந்து விழுந்து வாங்கியிருக்கிறார்களே, அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

திங்கட்கிழமை விசாரணை, ஒருவர் விடாமல் வர வேண்டும் என்று எல்லோருக்கும் கடிதம் அனுப்பியது இவள்தான். "எந்தத் திருட்டுப் பூனையோ, மாட்டட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அனுப்பினாள்.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் பின்வாசலுக்குப் போனாள்.

அவள் கணவனுக்கு வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில். சொந்தமாக ஒரு லாரி, கூலிக்கு நான்கு ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், பீரோவிலும் கண்ணாடியிலும் கீறல் விழாமல் சுற்றுகிற கம்பளிகளை லாரியிலிருந்து இறக்கி உதறி மடித்து வைப்பான். அன்றும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

"என்னங்க, அண்ணி பேர்ல ஷேர் வாங்கினீங்களா?"

அவன் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினான். "அக்கா வாயில ஒண்ணும் நிக்காதே! உன் பிறந்த நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"வேலையில சேர்ந்தப்பவே நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட?"

"நம்ம ரெண்டு பேர் பேர்லயும் வாங்கக் கூடாதுன்னு சொன்ன. வாங்கலையே! அக்கா பேர்லதானே வாங்கினேன்."

அவன் குரலில் துளிக் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. லாரி அக்கா பேரில். கொட்டகை வாடகை ஒப்பந்தம் அக்கா பேரில். வீட்டு கேஸ் இணைப்புகூட அக்கா பேரில்தான். அண்ணியின் கணவர், அத்தான், இருந்த காலத்தில் அவளுக்குத் திறந்து கொடுத்த பங்குக் கணக்கு, அவர் போன பிறகு சும்மா கிடந்தது. இருப்பதைப் பயன்படுத்திக்கொண்டான். அவன் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். வண்டி ஒருத்தர் பேரில் இருக்கும், ஓட்டுவது இன்னொருத்தராக இருக்கும்.

"சரி, விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? யார் சொன்னா?"

"நீதான்."

"நானா!"

"வாயால இல்ல. மின்விசிறியால."

அவன் ஒரு கம்பளியை நாலாக மடித்து அடுக்கிவிட்டு, ஏதோ பெரிய துப்புத் துலக்கியவன் மாதிரி விவரிக்க ஆரம்பித்தான்.

"குதிரை பின்னால ஓடினதுலேர்ந்து நீ ஆபீஸ்ல இருந்த உன் சாமானையெல்லாம் ஒவ்வொண்ணா வீட்டுக்குக் கொண்டு வந்தியா? மொதல்ல செருப்பு. அப்புறம் ஏ.சி குளிருக்குப் போத்திக்கிற சால்வை. பூச்செடி. கடைசியில மேஜை மின்விசிறி. சரி, கடை மூடப் போறாங்கன்னு நினைச்சேன். போன மாசம் ஒரு நாள் காலையில அந்த மின்விசிறியத் துடைச்சு எடுத்துக்கிட்டு என் லாரியிலயே ஏறின. நானே கொண்டு போய் இறக்கினேன். மறுநாள் செடி போச்சு. கம்பெனி பொழைச்சுக்கிச்சுன்னு புரிஞ்சுது, வாங்கிட்டேன். எத்தனை வீடு காலி பண்ணியிருக்கேன் நான்? சாமான் எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தா போதாதா, வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிராது?"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊழியர்கள் ஒருவரையும் நீக்க மாட்டோம் என்று பெரிய கம்பெனி எழுதிக் கொடுத்த மறுநாள்தான் அவள் அந்த மின்விசிறியை எடுத்துப் போனாள். தூக்கத்தில்கூட உளறாமல் காத்த ரகசியம், இறக்கை வைத்த சாமானில் ஏறிப் போயிருக்கிறது.

"உள் விஷயம் தெரிஞ்சவ வீட்டுல யார் பேர்ல வாங்கினாலும் குத்தங்க. ஜெயில் வரைக்கும் போகும்."

அவன் சிரிப்பு மெல்ல வடிந்தது. மடித்த கம்பளிகளின் மேலேயே உட்கார்ந்தான். "அப்ப நாளைக்கே வித்துரட்டுமா?"

"வித்தா அது இன்னொரு குத்தம்."

"அப்ப அப்படியே வெச்சிருந்தா?"

"வெச்சிருந்தாலும் குத்தம் குத்தம்தான்."

"என்னடி இது, நின்னாலும் அடி, ஓடினாலும் அடி!" கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தான். "நாளைக்கு உன்னைக் கேட்டா என்ன சொல்லுவ?"

மேலே அண்ணியின் வானொலி சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தின் கண்ணாடி அறையில் விசாரணை நடந்தது. அந்த அறைக்கு நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களை வெளியே இருப்பவர்கள் மீன் பார்ப்பது போலப் பார்க்கலாம். வக்கீலம்மா நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். இருமலுக்கு மிட்டாய் சப்பிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் முதலாளி, இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகத்தோடு. எதிரே, முதல் ஆளாக, இவள்.

"நான் பேர் வாசிப்பேன். உங்களுக்குத் தெரிஞ்ச ஆள், சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, யாரா இருந்தாலும் சொல்லணும்" என்றாள் வக்கீலம்மா.

"எனக்கு இதுல தேடவே வேண்டியதில்லை" என்று முதலாளி குறுக்கிட்டார். "கணக்கு மேலாளர்தான். அவனுக்குக் கடன் கழுத்து வரைக்கும் இருக்கு. நேத்து போன்ல பேசும்போதே குரல் நடுங்குது."

கணக்கு மேலாளர் நடுங்குவது பிறவிக் குணம். பிறந்த நாள் வாழ்த்துச் சொன்னாலே நடுங்குவார். கண்ணாடிக்கு வெளியே, தன் முறைக்காக, கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வக்கீலம்மா வாசிக்கத் தொடங்கினாள். தெரியாது, தெரியாது என்று இவள் தலையசைத்துக்கொண்டே வந்தாள். அடுத்ததாக அண்ணியின் பெயர் வந்தது, அத்தானின் முதலெழுத்தோடும் அவர்கள் முன்பு குடியிருந்த பழைய முகவரியோடும். இந்த வீட்டுக்கும் அந்தப் பெயருக்கும் முடிச்சுப் போட யாராலும் முடியாது. அவள் தலை தானாக அசைந்தது. தெரியாது. வக்கீலம்மா அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

இவ்வளவுதான். இவ்வளவு சுலபம். இன்னும் கொஞ்சம் தலையசைத்தால் எழுந்து போய்விடலாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவனிடம் "ஒண்ணும் ஆகல" என்று சொல்லலாம். பிறகு அந்த நடுங்குகிற மனிதர் உள்ளே வருவார். அவர் நடுக்கத்தைப் பார்த்ததும் எல்லோரும் முடிவுக்கு வந்துவிடுவார்கள். அதற்கான நீக்கக் கடிதத்தையும் இவள்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

"மேடம்" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கொஞ்சம் முன்னால ஒரு பேர் வாசிச்சீங்க. அது என் நாத்தனார்."

வக்கீலம்மா மிட்டாய் சப்புவதை நிறுத்தினாள்.

"பூட்டு, நீயாம்மா?" என்றார் முதலாளி. கோபத்தைவிட அதிர்ச்சிதான் அந்தக் குரலில் இருந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பு, சால்வை, செடி, மின்விசிறி. சொல்லச் சொல்ல அவளுக்கே அது குழந்தைக்குச் சொல்கிற கதை மாதிரி இருந்தது. வக்கீலம்மா எழுதிக்கொண்டாள். நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை.

"நாளைக்கு உங்க கணவர் வரணும். அதுவரைக்கும் இதைப் பத்தி வீட்டுல ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீங்க இங்க என்ன சொன்னீங்கன்னு அவருக்குத் தெரியவே கூடாது."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டா மேடம்?"

"ஒரே கட்டில்ல படுத்தாலும். பேசினீங்கன்னு தெரிஞ்சா, கலந்து பேசி கதை கட்டினீங்கன்னு ஆயிடும்."

சாயங்காலம் அவன் வாசலிலேயே நின்றான். "என்ன கேட்டாங்க? என்ன சொன்ன?"

"நாளைக்கு உங்களை வரச் சொல்லியிருக்காங்க. வேற எதுவும் பேசக் கூடாதாம்."

"எங்கிட்ட கூடவா?"

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். சாப்பிடும்போது அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரார் வீட்டு நிலவரத்தையெல்லாம் சாமானை வைத்தே படிக்கிற மனிதன், தன் மனைவி முகத்தையும் அப்படிப் படித்துவிட முடியும் என்று நினைத்தான். இவளைத்தான் திருடி என்று சொல்லிவிட்டார்கள், மானஸ்தி, வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் புழுங்குகிறாள் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். எழுந்து போய், வெளியூர் போவதற்கென்று வைத்திருந்த சட்டையை எடுத்துத் தானே இஸ்திரி போட்டான்.

மறுநாள் அவள் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவன் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. கையை விரித்தான். நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். ஒரு தடவை கும்பிடக்கூடச் செய்தான். மின்விசிறிக் கதைக்கு எதற்கு இத்தனை கும்பிடு என்று அவளுக்குப் புரியவில்லை. புரிவதற்குள் வக்கீலம்மா கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டாள்.

"உட்காருங்க. நேத்து நீங்க மின்விசிறின்னு சொன்னீங்க. இன்னைக்கு இவர், நீங்க குளிக்கப் போனப்ப உங்க லேப்டாப்பைத் திறந்து பாத்தேன்னு சொல்றார். ரெண்டுல எது பொய்?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"லேப்டாப் பொய்" என்றாள்.

"பூட்டு, நீ சும்மா இரு!" அவன் பதறினான். "மேடம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் திருட்டுத்தனமா பாத்தேன். எல்லாத் தப்பும் என்னுது. அவ வேலையில கை வெக்காதீங்க."

"சரி. பாத்தீங்க. என்ன எழுதியிருந்தது அதுல?"

"கம்பெனியை வாங்கப் போறாங்கன்னு எழுதியிருந்தது."

"யார் வாங்கப் போறாங்கன்னு?"

வெள்ளிக்கிழமை எல்லாச் செய்தியிலும் வந்த அந்தப் பெரிய கம்பெனியின் பெயரை அவன் கணீரென்று சொன்னான். முதலாளி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளிவராத விளையாட்டுக்கு அதன் உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், ஏதாவது காய், பழத்தின் பெயரில்தான் பேசுவார்கள். பின்பக்கம் ஓடிய குதிரைகளுக்கே வெளிவரும் வரை வெண்டைக்காய் என்றுதான் பெயர். இந்தப் பேரத்துக்குத் தர்ப்பூசணி என்று வைத்திருந்தார்கள். எந்தக் காகிதத்திலும் எந்தக் கணினியிலும் வாங்குவது, விற்பது என்ற சொல்லே கிடையாது. "தர்ப்பூசணி எப்போது பழுக்கும்?" என்றுதான் முதலாளியே எழுதிக் கேட்பார்.

"நீங்க நெஜமாவே அந்த லேப்டாப்பைத் திறந்திருந்தா, உங்களுக்கு ஒரு பழத்தோட பேர் தெரிஞ்சிருக்கணும். என்ன பழம், சொல்லுங்க" என்றாள் வக்கீலம்மா.

"பழமா?"

அவன் வக்கீலம்மாவைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான், கடைசியில் மனைவியைப் பார்த்தான். "எந்தப் பழம்?" அந்த முழிப்பை எந்த நடிகனாலும் நடித்துக் காட்ட முடியாது. முதலாளி அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள்.

"நீங்க இவர்கிட்ட எதுவும் சொல்லலைன்னு இப்ப நான் நம்பறேன்மா. உங்க வேலைக்கு ஆபத்து இருக்காதுன்னு நினைக்கிறேன். ஆனா இவர் விஷயம் வேற. நேத்து வரைக்கும் விவரம் தெரியாம செஞ்ச ஆளா இருந்தார். இன்னைக்கு விசாரணையில பொய் சொன்ன ஆள். நான் எழுதாம விட முடியாது. பங்குச் சந்தை அதிகாரிங்க கூப்பிடுவாங்க."

"நேத்து நான் சொன்னதையே இவரும் சொல்லியிருந்தா?" என்று கேட்டாள் அவள்.

"அபராதத்தோட போயிருக்கலாம். இப்ப சொல்ல முடியாது. உங்களையும் கூப்பிடுவாங்க. சாட்சியே நீங்கதானே. அதுவரைக்கும் அதே கட்டுப்பாடுதான், ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசக் கூடாது."

"அது எவ்வளவு நாள் மேடம்?"

"மாசக்கணக்குல ஆகலாம்."

ஒரு வார்த்தை, "உள்ளதைச் சொல்லுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை, முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் அவள் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றார்கள், சொல்லவில்லை. இனி புருஷனுக்கு எதிராக உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும்.

லாரியில் வீடு திரும்பும்போது முதல் சிக்னலில் நின்றதும் அவன், "எனக்கு எப்படித் தெரியும், நீ..." என்று ஆரம்பித்தான்.

"பேசக் கூடாது."

"திட்டவாவது செய்யேன்."

"திட்டறதும் பேசறதுதான்."

பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரனை அழுத்தினான். அவன் கை கியரைத் தவறாகப் போட்டு மறுபடி போடுவதை அவள் பார்த்தாள். பீரோவைத் தனியாளாகத் தூக்குகிற கை அது. அதைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது, பளாரென்று ஒன்று வைக்கவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் அண்ணி மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயே இருந்திருப்பாள் போல, பக்கத்தில் காலித் தேநீர்க் கோப்பைகள் இரண்டு.

"என்னடா ஆச்சு?"

"பேசக் கூடாதுக்கா."

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்டதான் அண்ணி முக்கியமா" என்றாள் அவள்.

"நான் என்னடி பண்ணேன்? இவன் நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன். லாரிக்குப் போடலையா? கேஸுக்குப் போடலையா?" எப்போதும் கணீரென்று ஒலிக்கிற குரல் கடைசியில் உடைந்தது. "என்னையும் கூப்பிடுவாங்களா? அதையாவது சொல்லுங்க, ரெண்டு பேருமா ஊமைக் கோட்டான் மாதிரி நிக்காம."

அவள் ஏறிப் போய் அண்ணிக்குப் பக்கத்தில், அந்தக் குறுகலான படியில் நெருக்கி உட்கார்ந்தாள். அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். மூன்று பேரும் திறந்திருந்த வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் யாரோ நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"சரி" என்றாள் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எதைத்தான் பேசலாம்னு சொன்னாங்க?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "லாரிக்கு முன் டயர் தேஞ்சு போச்சுக்கா. மாத்தணும்."

"எந்தப் பக்கத்து டயர்?" என்று கேட்டாள் அவள்.

"இடது."

"மழை வரதுக்குள்ள மாத்திடுங்க" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.